எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆசிரியைகள் ஏன் மே மாதம் போய்விடுகிறார்கள்?

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு நர்சரி பிரைமரி பள்ளியை நடத்தும் தாளாளர் எழுதிய கடிதம் இது. ஊரும் ஆளும் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

மாமனார் தொடங்கிய பள்ளி. ஐந்தாம் வகுப்பு வரை 260 பிள்ளைகள். எல்.கே.ஜி., யு.கே.ஜி. மூன்று பிரிவுகளில் மட்டும் 90 பேர். ஆசிரியைகள், ஆயாக்கள், டிரைவர்கள் எல்லாம் சேர்த்து 24 ஊழியர்கள். எல்.கே.ஜி.க்குப் புதிதாக வரும் ஆசிரியைக்கு 9,000 ரூபாய், நான்காம் ஐந்தாம் வகுப்புக்கு 14,000. ஆண்டுக்குப் பதினொரு மாதச் சம்பளம்தான், மே மாதத்துக்குக் கிடையாது. இரண்டு ஆண்டுகளில் எல்.கே.ஜி.க்கு வந்த ஐந்து பேரும் போய்விட்டார்கள். இருவர் கல்யாணம் ஆகிப் போனார்கள், ஒருவர் பிரசவத்துக்கு. ஒருவர் பெருந்துறை பக்கம் ஒரு கம்பெனியில் பில்லிங் வேலைக்கு. இன்னொருவர் நடு ஆண்டில் சொல்லாமல் நின்றுவிட்டார். அவர் போன பிறகு அந்த வகுப்பிலிருந்து ஏழு பிள்ளைகளைப் பெற்றோர் வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள்.

இப்போது ஏழு வருடமாக யு.கே.ஜி. எடுக்கும் நல்ல ஆசிரியைக்கு ஈரோட்டுப் பள்ளி ஒன்று 17,000 தருவதாகக் கூப்பிட்டிருக்கிறது. இங்கே அவர் வாங்குவது 12,500. தாளாளர் நான்கு யோசனைகளை முன்வைக்கிறார். அவரை ஐந்தாம் வகுப்புக்கு உயர்த்திச் சம்பளத்தைக் கூட்டுவது ஒன்று. இனி சேருபவர்களிடம் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு வருடப் பாண்ட் எழுதி வாங்குவது இரண்டாவது. 3,20,000 ரூபாய்க்கு ஸ்மார்ட் போர்டும் பாடத் தொகுப்பும் வாங்கினால் பிளஸ் டூ படித்த பெண்ணே எல்.கே.ஜி.யைப் பார்த்துக்கொள்வாள் என்பது மூன்றாவது. பெற்றோர் கேட்கிறபடி எல்.கே.ஜி.யிலேயே எழுத்தை முடுக்கிவிட்டுப் பேர் வாங்குவது நான்காவது. "ஏ பி சி டி சொல்லிக் குடுக்கறதுக்கு அனுபவம் எதுக்குங்க? பெரிய வகுப்புக்குத்தானுங்க நல்ல டீச்சர் வேணும்? நான் நினைக்கறது சரிதானுங்களா?" என்று கடிதத்தை முடிக்கிறார்.

அன்புள்ள அம்மா,

கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன். நூல் மில்லில் வேலை பார்க்கும் பீகார் குடும்பத்துப் பையன் ஒருவன் ஜூனில் யு.கே.ஜி.யில் சேர்ந்து, ஆடி முடிகிற வரைக்கும் வாயே திறக்கவில்லை. உங்கள் ஆசிரியை அவனைத் தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். தண்ணீருக்கு அவன் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று வேனில் அவனைக் கூட்டிவரும் அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அன்றைக்கு முழுக்க வகுப்பில் யாருக்குத் தண்ணீர் வேண்டுமானாலும் "பானி" என்று அவனிடம்தான் கேட்க வேண்டும் என்று ஒரு விளையாட்டு வைத்தார். அவன் டம்ளரை நீட்டிக்கொண்டே இருந்தான், மாலையில் முதல் தடவையாகச் சிரித்தான். இப்போது வகுப்பில் அதிகம் பேசுவது அவன்தான் என்கிறீர்கள்.

இதைச் செய்ய அந்த ஆசிரியைக்குப் பிள்ளையின் முகத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். முப்பது பேரை வைத்துக்கொண்டே ஒருவனுக்காக ஒரு விளையாட்டை யோசிக்கத் தெரிய வேண்டும், அவசரப்படாமலும் இருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் யாருக்கும் இது கைகூடுவதில்லை. சின்ன வகுப்புக்கு அனுபவம் தேவையில்லை என்று கேட்கிறீர்கள். அதற்கு எதிரான சாட்சி உங்கள் பள்ளியிலேயே இருக்கிறார்.

ஆராய்ச்சியும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் 1985-ல் தொடங்கி, 79 பள்ளிகளில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் வகுப்புகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். எந்தப் பிள்ளைக்கு எந்த ஆசிரியை என்பதை யாரும் சிபாரிசால் மாற்ற முடியாது. பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய குழுவினரும் அந்தப் பிள்ளைகள் 27 வயதை எட்டியபோது என்ன சம்பாதிக்கிறார்கள் என்று பார்த்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். நம்ம ஊர் யு.கே.ஜி.க்குச் சமமான வகுப்பில் பத்து ஆண்டுக்கு மேல் அனுபவமுள்ள ஆசிரியையிடம் படித்தவர்களின் சம்பாத்தியம் கூடுதலாக இருந்தது. இடையில் ஏழாவது எட்டாவது படிக்கும்போது மார்க்கில் அந்த வித்தியாசம் மங்கிப்போயிருந்தது. அதனால்தான் பள்ளி நடத்துகிறவர்கள் கண்ணுக்கு அது படுவதேயில்லை. அமெரிக்கக் கணக்கு அப்படியே கோபிக்குப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சின்ன வகுப்பில் ஆள் யார் என்பது பெரிய விஷயமில்லை என்ற எண்ணம் தவறு என்று சொல்ல இது போதும்.

ஐந்தாம் வகுப்புக்கு மாற்றலாமா?

வேண்டாம். உங்கள் வயலுக்கு நாற்று விடும்போது நாற்றங்காலை யாரிடம் ஒப்படைப்பீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அவருடைய திறமை முழுதும் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் வேலை செய்து வளர்ந்தது. மாற்றினால் ஒரு நல்ல யு.கே.ஜி. ஆசிரியையை இழந்து, ஐந்தாம் வகுப்புக்கு ஒரு புது ஆளை எடுத்தது போலத்தான் ஆகும்.

ஆனால் உங்கள் யோசனைக்குப் பின்னால் இருக்கிற நல்லெண்ணம் புரிகிறது. சம்பளம் கூட்ட வேண்டுமென்றால் பெரிய வகுப்புக்கு மாற்றித்தான் கூட்ட முடியும் என்று உங்கள் பள்ளி ஏற்பாடே இருக்கிறது. அதை மாற்றுங்கள். சம்பளம் வகுப்பை வைத்து இருக்க வேண்டாம், படிப்பையும் பணி ஆண்டுகளையும் வைத்து இருக்கட்டும். டி.எல்.எட். என்ற ஆசிரியர் பயிற்சியை முடித்து ஏழு வருடம் வேலை பார்த்தவர் யு.கே.ஜி. எடுத்தாலும் ஐந்தாவது எடுத்தாலும் ஒரே சம்பளம். அப்புறம், மூன்று சின்ன வகுப்புகளுக்கும் பொறுப்பாளர் என்று ஒரு பதவி கொடுத்து, புதிதாக வரும் பெண்களைப் பழக்கும் வேலையை அவரிடம் விடுங்கள். வகுப்பை விட்டு வெளியேறாமலேயே அவருக்கு ஓர் உயர்வு கிடைக்கும். புது ஆசிரியைகளுக்கும் முதல் வருடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆள் இருப்பார். முதல் வருடத்தில் போகிறவர்களில் பலர் கேட்க ஆளில்லாமல் தவித்துப் போகிறவர்கள்தான்.

ஏன் போகிறார்கள்?

கல்யாணம், பிரசவம், கம்பெனி வேலை என்று காரணங்களை வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். போனவர்களிடம் நீங்கள் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. அதற்குப் பதிலாக எல்.கே.ஜி. ஆசிரியையின் நேர அட்டவணையை இணைத்திருக்கிறீர்கள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

காலை 7.50-க்கு வேனில் ஏறுகிறார், பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பொறுப்பு அவருடையது. 9 மணிக்குப் பிரார்த்தனை. 10.40-க்கு ஸ்நாக்ஸ். முப்பது டப்பாக்களைத் திறந்து கொடுத்து, முப்பது பேர் கையைக் கழுவிவிட வேண்டும். பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். 12.15-க்குச் சாப்பாடு, ஊட்டிவிட வேண்டியவர்கள் எட்டுப் பேர் என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் நோட்டுத் திருத்தம், டைரி எழுதுதல். 3.20-க்கு மறுபடி வேன். மூன்று வகுப்புக்கும் சேர்த்து ஒரே ஆயாம்மா. இந்த அட்டவணையில் அந்தப் பெண் கழிப்பறைக்குப் போக எங்கே நேரம் இருக்கிறது? வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலேயே இருக்கும் எல்.கே.ஜி. ஆசிரியைகளைப் பயிற்சி வகுப்புகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். சிறுநீர்த் தொற்று வந்து மருத்துவமனைக்குப் போகிறவர்கள் அதைத் தாளாளரிடம் சொல்ல மாட்டார்கள். "வீட்ல கல்யாணம் பேசறாங்க" என்றுதான் சொல்வார்கள்.

ஒரு சின்ன வகுப்புக்கு ஒரு துணையாள் என்பது ஆடம்பரம் இல்லை. நம் தமிழ்நாட்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கலில் தேர்ந்த ஒரு பாதி மையங்களுக்கு முன்பருவக் கல்விக்கென்று அரை நாள் வேலை பார்க்க இன்னொரு பணியாளரைக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குப் பாடம், விளையாட்டு என்று கிடைத்த நேரம் இரண்டு மடங்கானது. மொழியிலும் கணக்கிலும் தேர்ச்சி கூடியது. பழைய பணியாளருக்கு வேலைச் சுமை குறைந்ததால் சத்துணவுப் பக்கமும் கவனம் கூடி, வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. கூடுதலாக ஒருவர் வந்தார், அவ்வளவுதான். நீங்கள் சொல்லும் பிளஸ் டூ படித்த பெண்ணுக்கு இங்கேதான் இடம். வகுப்பை முழுதாக அவளிடம் விடாமல், ஆசிரியைக்குத் துணையாக வைத்துப் பழக்குங்கள். நன்றாக வந்தால் முன்பருவக் கல்வி டிப்ளமோ படிக்க வையுங்கள்.

அடுத்தது மே மாதம். சம்பளம் இல்லாத ஒரு மாதத்தைக் கொடுத்தால் அந்த மாதத்தில் ஒருவர் என்ன செய்வார்? வேறு வேலைதான் தேடுவார். ஊரில் எல்லாப் பள்ளியும் புது ஆள் எடுக்கும் மாதமும் அதுதான். மே சம்பளத்தைப் பிடித்துவைப்பதால் ஒருவருக்கு 9,000 ரூபாய் மிச்சம் என்று கணக்கு எழுதுகிறீர்கள். அந்த மாதத்தில்தான் ஆளையே இழக்கிறீர்கள் என்பது என் கணிப்பு.

கல்யாணம் ஆனால் போய்விடுகிறார்கள் என்பது உண்மைதான். இருபத்து மூன்று வயதுப் பெண்களை மட்டுமே எடுத்தால் அது நடக்கத்தான் செய்யும். உங்கள் வேன் போகிற ஊர்களிலேயே டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு, பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டு வீட்டில் இருக்கும் முப்பது, முப்பத்தைந்து வயது அம்மாக்கள் எத்தனை பேர் என்று டிரைவரிடம் கேளுங்கள். அவர்கள் ஊரை விட்டுப் போகப்போவதில்லை. அவர்கள் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை கொடுத்தால் பிள்ளை ஐந்தாவது முடிக்கும்வரை அம்மாவும் இருப்பார். இதைப் பல சின்னப் பள்ளிகளில் பார்த்திருக்கிறேன்.

பணத்துக்கு எங்கே போவது?

கல்வி உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.இ.) சேரும் பிள்ளைகளுக்கு அரசு தரும் பணம் காலத்தில் வருவதில்லை, டெர்ம் ஃபீஸ் பாக்கி நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கஷ்டம் தெரிந்துதான் பேசுகிறேன். ஆனால் ஸ்மார்ட் போர்டுக்கு 3,20,000 எடுத்து வைத்திருக்கிறீர்கள் இல்லையா, அந்தப் பணத்தைப் பேசுவோம்.

மூன்று ஆசிரியைகளுக்கும் மாதம் 3,000 கூட்டினால் ஆண்டுக்கு 1,08,000. மே மாதத்துக்குப் பழைய சம்பளம் மூவருக்கும் 30,500. இன்னொரு ஆயாம்மாவுக்கு மாதம் 9,000 வீதம் 1,08,000. மொத்தம் 2,46,500. பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. என்ற ஊழியர் காப்பீடு இரண்டிலும் பள்ளியின் பங்கையும் சேர்த்தால் கிட்டத்தட்ட போர்டின் விலைக்கு வந்து நிற்கும். போர்டுக்கு ஒரே தடவை, சம்பளத்துக்கு வருடா வருடம் என்பீர்கள். சரி, அது நியாயமான கேள்விதான். இரண்டாம் வருடத்திலிருந்து 260 பிள்ளைகளுக்கும் பிரித்தால் தலைக்கு ஆண்டுக்கு 1,300 ரூபாய் போல வரும். தனியார் பள்ளிக் கட்டண நிர்ணயக் குழுவிடம் அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது, ஊழியர் சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுத்த கணக்கோடு போங்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு செலவு காட்ட முடியாது. இன்னொரு பக்கம், அந்த ஏழு பிள்ளைகள் போனதில் தலைக்கு 18,000 வீதம் ஒரே வருடத்தில் 1,26,000 போயிருக்கிறது. அடுத்த வருடங்களின் கட்டணமும் அதோடு போனது.

சம்பளம் கூட்டினால் மட்டும் நின்றுவிடுவார்களா என்று சந்தேகப்படுகிறீர்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 2019-ல் சின்னப் பிள்ளைகளின் ஆசிரியைகளுக்கு, வேலையில் நீடித்தால் எட்டு மாதத்தில் 1,500 டாலர் தருவதாகக் குலுக்கலில் ஒரு பகுதியினருக்கு மட்டும் சொன்னார்கள். குழந்தைகள் காப்பகங்களில் தொகை கிடைக்காதவர்களில் நூற்றுக்கு 30 பேர் போனார்கள், கிடைத்தவர்களில் 15 பேர்தான் போனார்கள். வேலையின் தன்மை எதுவும் மாறவில்லை, அந்தத் தொகை மட்டும்தான். சம்பளம் அடிமட்டத்தில் இருக்கும் இடத்தில் சின்னத் தொகையும் பெரிய வேலை செய்கிறது. மாதாமாதம் 3,000 முடியாவிட்டால் 1,500 கூட்டுங்கள், மீதியைப் பொங்கலுக்கும் ஏப்ரல் கடைசியிலும் இரண்டு தவணையாகக் கொடுங்கள். ஆனால் எழுதிக் கொடுங்கள், சொன்ன தேதியில் கொடுங்கள்.

போர்டைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய வகுப்புக்கு அது உதவும், நான் மறுக்கவில்லை. ஆனால் பேச்சும் மொழியும் மனிதர் முகம் பார்த்து வளர்வது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா குல் 2003-ல் வெளியிட்ட சோதனையில், ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியை ஒரு குழுவுக்கு நேரில் ஆள் வந்து பேசினார், இன்னொரு குழுவுக்கு அதே ஆள் திரையில் பேசினார். நேரில் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிடித்துக்கொண்டன. திரையில் கேட்டவை எதையும் பிடிக்கவில்லை. உங்கள் பிள்ளைகள் வயதில் பெரியவர்கள், அவர்களுக்குத் திரையிலிருந்து கொஞ்சம் ஏறும். அந்த பீகார் பையனுக்குத் தேவைப்பட்டது எதுவும் எந்தப் பாடத் தொகுப்பிலும் வராது.

சர்டிபிகேட்டும் பாண்டும்

இந்தப் பகுதியைக் கோவையில் தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் பள்ளியின் ஆவணங்களோடு நீங்களும் ஒருவரைப் பாருங்கள்.

ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்துவைக்க உங்களுக்கு உரிமை இல்லை. அது அந்தப் பெண்ணின் சொத்து. பாக்கிக்கு ஈடாகப் பிடித்துவைக்கிற பொருள் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. சேரும்போது ஒரிஜினலைப் பார்த்துச் சரிபார்த்து, ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, அன்றே கையில் கொடுத்துவிடுங்கள். நடு ஆண்டில் நின்றுவிட்ட ஆசிரியையுடையதும் கம்பெனிக்குப் போனவருடையதும் இன்னும் உங்கள் பீரோவில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். "மூணு மாச சம்பளம் கட்டட்டும், தர்றேன்" என்று சொல்லியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை இந்த வாரமே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அவர்களில் ஒருவர் புகார் கொடுத்தாலோ வழக்குப் போட்டாலோ பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். சட்டத்தை விடுங்கள், இந்தச் செய்தி வேன் ஓடுகிற ஊரெல்லாம் பரவியிருக்கும். அங்கே போனால் சர்டிபிகேட் திரும்பி வராது என்று தெரிந்தால் நல்ல ஆசிரியை யாரும் விண்ணப்பிக்கவே மாட்டார்.

பாண்ட் முழுக்கச் செல்லாது என்று சொல்ல முடியாது. நீங்கள் செலவழித்துப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தால், அதற்கு ஏற்ற நியாயமான தொகையை ஒப்பந்தத்தில் கேட்கலாம். ஒன்றும் செலவழிக்காமல் இரண்டு வருடம் போகக்கூடாது என்று எழுதி வாங்கினால் நீதிமன்றத்தில் நிற்பது கடினம். அதைவிட, இரு தரப்புக்கும் ஒரே மாதிரி இரண்டு மாத முன்னறிவிப்பு என்று எழுதுங்கள். ஆசிரியையை நிறுத்துவதென்றாலும் அதே இரண்டு மாதம் என்றால் கையெழுத்துப் போடுகிறவருக்கும் மதிப்பு இருக்கும்.

உங்கள் கடிதத்தில் திருத்த வேண்டிய இன்னும் மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

பணிக்கொடை: "தனியார் பள்ளி டீச்சருக்கெல்லாம் கிராஜுவிட்டி கிடையாதுங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். 2004-ல் உச்ச நீதிமன்றம் ஆசிரியர்கள் அந்தச் சட்டத்தில் வரமாட்டார்கள் என்று சொன்னது உண்மை. அதன்பிறகு நாடாளுமன்றம் 2009-ல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் பொருந்தும்படி ஆசிரியர்களைச் சேர்த்துவிட்டது. தனியார் பள்ளிகள் எதிர்த்துப் போன வழக்கில் 2022 ஆகஸ்ட் 29-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே யு.கே.ஜி. ஆசிரியை இன்றைக்குப் போனாலும், 12,500-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 7-ஆலும் பெருக்கினால் வருகிற ஏறக்குறைய 50,480 ரூபாயை முப்பது நாளுக்குள் அவருக்குத் தர வேண்டியிருக்கும்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ.: பெரிய பள்ளிகளுக்கு மட்டும் என்று நினைக்கிறீர்கள். 20 பேர் வேலை பார்த்தாலே பி.எஃப். கட்டாயம், ஆயாக்களும் டிரைவர்களும் அந்தக் கணக்கில் சேர்வார்கள். நீங்கள் 24 பேர். பின்னால் பிடிபட்டால் பாக்கியோடு வட்டியும் அபராதமும் சேர்ந்து வரும்.

பிரசவம்: ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டு, திரும்பி வந்தால் புது ஆளாகச் சேர்ப்பது உங்கள் பள்ளி வழக்கம் என்கிறீர்கள். மாதம் 21,000-க்குள் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு இ.எஸ்.ஐ. கட்டியிருந்தால், முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பளத்தை இ.எஸ்.ஐ.யே கொடுத்துவிடும், பள்ளி கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் பங்கு சம்பளத்தில் நூற்றுக்கு 3.25, அதாவது 12,500-க்கு 406 ரூபாய். ஆறு மாதத்துக்கு ஒரு மாற்று ஆளைப் போட்டுவிட்டு, அவருக்கு இடம் வைத்திருந்தாலே போதும். இப்போது நடப்பதெல்லாம், பழக்கிவிட்ட ஆளை நீங்களே வெளியே அனுப்புவதுதான்.

பெற்றோர் கேட்கும் எழுத்து

"மிஸ், அந்தப் பள்ளியில எல்.கே.ஜி.லயே கர்சிவ் எழுதறாங்க, எங்க புள்ள இன்னும் கோடு போட்டுட்டு இருக்குதுங்க" என்று சொல்லும் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றரை வயதில் மணிக்கட்டு எலும்புகளே முழுதாக உருவாகியிருக்காது. களிமண் பிசைவது, மணி கோப்பது, கத்தரியால் காகிதம் வெட்டுவது எல்லாம் எழுதுவதற்கான பயிற்சிதான் என்று அவரை வகுப்புக்குள் கூப்பிட்டுக் காட்டுங்கள். அசாம், ராஜஸ்தான், தெலங்கானா பகுதிகளில் 14,000 பிள்ளைகளைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து 2017-ல் வெளியான ஆய்வில், எழுத்தையும் எண்ணையும் மனப்பாடமாகத் திணிக்கும் பள்ளிகளுக்குப் போயும் ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்புக்குத் தயாராக இருந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியிலேயே 2022-லிருந்து எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வரை ஆடல் பாடலோடு நடத்துவதை இந்தப் பெற்றோர் பார்த்திருப்பார்கள், அதைச் சொல்லலாம்.

ஆசிரியை நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. தினமும் முப்பது பிள்ளைகளின் நாலுகோட்டு நோட்டைத் திருத்தி, கையைப் பிடித்து எழுதவைத்து, அழுகிற பிள்ளையோடு போராடும் வேலையை விரும்பிச் செய்ய யாராலும் முடியாது. நோட்டைக் குறைத்தாலே மதியம் ஒரு மணி நேரம் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும், அதற்கு ஒரு பைசா செலவில்லை. விளையாட்டு வழியில் நடத்தப் பயிற்சி வேண்டுமென்றால், கோவை அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்தில் குழந்தை வளர்ச்சி சொல்லித்தரும் துறை இருக்கிறது. விடுமுறையில் உங்கள் ஆசிரியைகளுக்கு ஏதாவது ஏற்பாடு செய்ய முடியுமா என்று நேரில் போய்க் கேளுங்கள்.

அந்த யு.கே.ஜி. ஆசிரியையிடம் என்ன பேசுவது?

அவர் ஒருவர் போனால் ஒரு வகுப்புக்குத்தான் நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். நியூயார்க் நகரப் பள்ளிகளில் எட்டு ஆண்டுப் பதிவுகளைப் பார்த்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் அதிகம் மாறிய இடத்தில், போகாமல் நின்ற ஆசிரியர்களிடம் படித்த பிள்ளைகளின் மதிப்பெண்ணும் குறைந்திருந்தது. உங்கள் பள்ளியில் இது எப்படி நடக்கும் என்பதை ஊகிக்க முடிகிறது. எந்தப் பிள்ளைக்கு என்ன என்று தெரிந்தவர், மற்ற இரண்டு மிஸ்களும் ஓடிப்போய்க் கேட்கிறவர் அவர்தானே.

ஈரோட்டுச் சம்பளத்தை உங்களால் கொடுக்க முடியாது, அதை அவரிடம் மறைக்க வேண்டாம். ஆனால் அவர் வீட்டிலிருந்து ஈரோட்டுக்குப் பஸ்ஸில் போய் வர ஆகும் செலவும் நேரமும் அவருக்கும் தெரியும். ஒரு சனிக்கிழமை மதியம் உட்காரச் சொல்லி, இங்கே நீங்கள் தொடர என்னென்ன மாற வேண்டும் என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது குறுக்கே பேச வேண்டாம். "இத்தனை வருஷம் குடும்பம் மாதிரி இருந்தீங்களே" என்ற பேச்சும் வேண்டாம், அது அவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இருக்கச் சொல்லும் சாக்காகத்தான் காதில் விழும். அவர் சொன்னதில் எது முடியும், எது எப்போது முடியும், எது முடியாது என்று ஒரு வாரத்துக்குள் தாளில் எழுதிக் கொடுங்கள். அதில் மே சம்பளமும் பி.எஃப்.பும் பொறுப்பாளர் பதவியும் கட்டாயம் இருக்கட்டும்.

அப்படியும் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது, 12,500-க்கும் 17,000-க்கும் இடையில் இருப்பது சின்ன வித்தியாசமும் இல்லை. ஏப்ரல் கடைசிவரை இருந்து, கடைசி இரண்டு வாரம் புது ஆசிரியையைத் தன்னோடு வகுப்பில் வைத்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் கேளுங்கள். ஈரோட்டுப் பள்ளிக்கும் ஜூனில்தான் வகுப்பு தொடங்கும் என்பதால் அவர்கள் ஒத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு, தேவைப்பட்டால் நீங்களே ஒரு கடிதம் கொடுங்கள். பணிக்கொடைக் காசோலையை அவர் கிளம்பும் நாளிலேயே தயாராக வைத்திருங்கள். மற்ற இரண்டு ஆசிரியைகளும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.